காற்றைக் கணக்குப் போட்ட மனிதர்: வில்லிஸ் கேரியர்



மணியாச்சி ஜங்ஷன் என்று சொன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவருக்கும் ஒரே ஒரு தேதிதான் ஞாபகத்துக்கு வரும். 1911 ஜூன் 17. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தானும் உயிரை விட்ட நாள். வாஞ்சி மணியாச்சி என்று ஸ்டேஷனுக்குப் பேர் வந்ததே அதனால்தான்.

அதே 1911-ஆம் ஆண்டு டிசம்பரில், கடலுக்கு அப்பால் நியூயார்க் நகரத்தில், 35 வயது இன்ஜினியர் ஒருவர் அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். காற்றில் இருக்கிற ஈரத்தைக் கணக்குப் போடும் சூத்திரங்கள் பற்றிய கட்டுரை. துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரைதான் இன்றைக்கு ஆர்.ஏ.சி. பேப்பரில் நம்ம தலையைச் சுற்ற வைக்கிற சைக்ரோமெட்ரிக் சார்ட்டுக்கு அடிப்படை. பரீட்சை ஹாலில் அந்தச் சார்ட்டை விரித்துவிட்டு எந்தக் கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் முழிக்காத மெக்கானிக்கல் மாணவன் உண்டா?

அந்த இன்ஜினியர்தான் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர். ஏர் கண்டிஷனரின் தந்தை என்று உலகம் சொல்கிற ஆள். அவரை ஏன் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது. நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்ததும் ஏ.சி. சர்வீஸ் வேலைக்குத்தான் போகப் போகிறோம். சென்னைக்கோ, துபாய்க்கோ, இல்லை நம்ம கோவில்பட்டியிலேயே சொந்தமாகவோ. ஏ.சி. ஓடுது, ஆனா கூலிங் இல்லை என்று ஒரு வீட்டுக்காரர் கூப்பிடும்போது, அங்கே போய் முதலில் எதைத் தொடுவது? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

ஆப்பிளில் படித்த பின்னம்

1876 நவம்பர் 26. நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் உள்ள அங்கோலா என்ற சிற்றூர். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தார் கேரியர். மாடு கறப்பதும் பண்ணை வேலை பார்ப்பதுமாக வளர்ந்த பையன். நம்ம கரிசல் காட்டுப் பிள்ளைகள் மாதிரியேதான்.

சின்ன வயதில் அவருக்கு பின்னக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. அரை, கால், அரைக்கால் என்றாலே பயம். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. நிலவறையில் இருந்து ஒரு சட்டி ஆப்பிள் எடுத்து வரச் சொன்னார். ஒன்றை இரண்டாக வெட்டினார், இன்னொன்றை நான்காக, மற்றொன்றை எட்டாக. துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் வைத்தார். பையனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எந்தக் கணக்கும் பிடிபடும் என்பது அன்றைக்கு அவர் மனதில் பதிந்தது. வீட்டில் கடிகாரமும் தையல் மிஷினும் பழுதானால் அந்த அம்மாவே பிரித்துச் சரி செய்வாராம். மகனுக்குப் 11 வயது ஆனபோது தாயார் காலமாகிவிட்டார். ஆனால் அந்த ஆப்பிள் பாடம் கடைசி வரை அவரை விடவில்லை.

வீட்டில் பண நெருக்கடி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே காலேஜ் போக வழியில்லை. சில காலம் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். பிறகு உதவித்தொகை கிடைத்து 1897-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்குப் புல் வெட்டினார், அடுப்பு பார்த்துக்கொண்டார், மேஜையில் பரிமாறினார். 1901-ல் இன்ஜினியர் ஆனார்.

வாரம் பத்து டாலர்

படித்து முடித்த கையோடு பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் வேலை. விசிறிகளும் சூடேற்றும் கருவிகளும் செய்கிற கம்பெனி அது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

வேலையில் சேர்ந்ததும் அவர் கவனித்தது ஒன்று. மரம் உலர்த்தவும் காப்பிக்கொட்டை உலர்த்தவும் ஹீட்டர் டிசைன் செய்கிறவர்கள் குத்துமதிப்பாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு குழாய்க்கு எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று யாரிடமும் சரியான கணக்கு இல்லை. பயத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரையாகப் போட்டு வைப்பது வழக்கம். கேரியர் வேலை நேரம் போகச் சொந்த நேரத்திலும் உட்கார்ந்து, அளந்து அளந்து அட்டவணை போட்டார். அந்த அட்டவணையால் ஒரே சீசனில் கம்பெனிக்கு 40,000 டாலர் மிச்சமானதாகச் சொல்வார்கள். வாரம் பத்து டாலர் வாங்குகிற புதுப் பையன் செய்த வேலை!

அச்சகத்தில் வந்த தகராறு

1902-ஆம் ஆண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெம்ஸ் என்ற பெரிய லித்தோ அச்சகம். அங்கே கலர்ப் பத்திரிகை அச்சடிக்கும்போது ஒரு தலைவலி. கலர் படம் என்றால் ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை மிஷினுக்குள் போய் வர வேண்டும். முதல் நிறம் இன்று, அடுத்தது நாளை. இடையில் மழை ஈரம் ஏறினால் தாள் விரியும், வெயில் காய்ந்தால் சுருங்கும். நிறத்துக்கு மேல் நிறம் உட்காராது.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காலண்டர் முருகன் முகத்தில் சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் விலகி நின்றால் அந்தத் தாளை யார் வாங்குவார்?

அச்சகத்துக்காக ஒரு ஆலோசகர் இந்தப் பிரச்சனையை பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியின் நியூயார்க் பிரதிநிதி இர்வின் லைலிடம் கொண்டுவந்தார். அவர் அதைக் கேரியரிடம் அனுப்பினார். அப்போது கேரியருக்கு வயது 25. காலேஜை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம்தான்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அச்சகத்தில் புழுக்கம் என்றதும் நாமாக இருந்தால் விசிறியைக் கூட்டு, ஜன்னலைத் திற என்றிருப்போம். கேரியர் முதலில் கேட்டது, உண்மையான கோளாறு எது என்பது. தாளைக் கெடுப்பது சூடு மட்டும் இல்லை, ஈரம். அப்படியானால் ஈரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு, காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர வைத்தால் எவ்வளவு ஈரம் தண்ணீராக இறங்கும் என்று கணக்குப் போட்டார். வருஷம் பூராவும் ஈரப்பதம் 55 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. 1902 ஜூலை 17 என்று தேதி போட்ட வரைபடம்தான் நவீன ஏர் கண்டிஷனிங்கின் ஜாதகம்.

ஒரு காயிலில் கிணற்றுத் தண்ணீர், இன்னொரு காயிலுக்கு அம்மோனியா குளிர்பதன மிஷின். மொத்தக் குளிர்ச்சி, ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு ஐஸ் உருகினால் கிடைக்கும் அளவு. 2,000 பவுண்டு ஒரு டன். ஆக 54 டன். இன்றைக்குக் கடையில் ஒன்றரை டன் ஏ.சி. என்கிறோமே, அந்த டன் இந்த ஐஸ் கணக்குதான். மிஷினின் எடை இல்லை. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையில் இருந்து வெளியே தூக்கிப் போடும் சக்தி. வைவாவில் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்க.

பிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் பனிமூட்டம்

செய்த வேலையில் கேரியருக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் நல்ல வழி இருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதே 1902-ன் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். பிளாட்பாரம் முழுக்கப் பனிமூட்டம். மற்றவர்கள் கோட்டை இறுக்கிக்கொண்டு வண்டி லேட் என்று சலித்துக்கொள்ளும் நேரத்தில் இவர் பனியைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

இந்தக் காற்று நூற்றுக்கு நூறு ஈரம் நிறைந்தது. ஆனால் குளிர்ந்த காற்று என்பதால் அதில் உள்ள ஈரம் உண்மையில் கொஞ்சம்தான். இதே காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் உலர்ந்த காற்றாகிவிடும். அப்படியென்றால் காற்றைக் குளிர்ந்த தண்ணீர்த் தூறல் வழியாக அனுப்பிச் செயற்கையாகப் பனிமூட்டம் உண்டாக்கலாமே! தண்ணீரின் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைத்தால், காற்றில் எவ்வளவு ஈரம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் நிறுத்தலாம்.

தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவதா? கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ஜில்லென்ற சோடா பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் மேலெல்லாம் வியர்க்கிறதே, அது பாட்டிலில் இருந்து கசிந்த தண்ணீரா? காற்றில் இருந்த ஈரம்தானே வந்து ஒட்டுகிறது? குளிர்ந்த தண்ணீர்த் துளியும் அதே வேலையைச் செய்யும். இந்த யோசனைக்கு 1904-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1906 ஜனவரி 2-ல் கிடைத்தது. பிளாட்பாரத்தில் நிற்கிற நேரமும் வீண் இல்லை என்று மணியாச்சியில் கனெக்ஷன் வண்டிக்குக் காத்துக் கிடக்கிற நாமும் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பஞ்சாலை சொல்லிக்கொடுத்த பாடம்

அடுத்த பாடம் பஞ்சாலையில். லாயல் மில், லட்சுமி மில் என்று சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்த கோவில்பட்டிக்காரர்களுக்கு இது சொந்தக் கதை. காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும். ஆகவே மில்லுக்குள் ஈரம் வேண்டும். ஏர் கண்டிஷனிங் என்ற வார்த்தையே 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற பஞ்சாலைப் பொறியாளர் உண்டாக்கியதுதான். கேரியர் வைத்த பெயர் இல்லை அது.

1906-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெல்மாண்ட் ஊரின் குரோனிக்கிள் பஞ்சாலைக்குக் கேரியர் வேலை எடுத்தார். அங்கே அவர் பார்த்தது, வெளியே இருக்கிற வெயிலைவிட உள்ளே சுழல்கிற கதிர்கள் கிளப்புகிற சூடுதான் பெரிய எதிரி என்பது. மோட்டாருக்குள் போகிற அத்தனை சக்தியும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து இறங்குகிறது. ஒரு அறை குளிரவில்லை என்றால் மிஷினை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, அறைக்குள் எங்கிருந்து சூடு வருகிறது என்று பார்க்க வேண்டும். 1907-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஒரு பட்டு நூல் ஆலைக்கும் இவர்களுடைய கருவி போய்ச் சேர்ந்தது.

இப்படிப் பத்து வருஷம் அச்சகத்திலும் மில்லிலும் அளந்து சேர்த்த விவரங்களின் சாரம்தான் 1911 டிசம்பர் கட்டுரை. காற்றின் சாதாரண வெப்பநிலை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலை, ஈரம், வெப்ப அளவு எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார்.

இதில் நமக்கு என்ன லாபம்? ஒரு உதாரணம். மே மாத மத்தியானம் மணியாச்சிப் பக்கம் காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் தூத்துக்குடிக் கடற்கரையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். எந்த ஊர் ஏ.சி.க்குச் சுமை அதிகம்? 38 என்றுதான் வாய் சொல்லும். சார்ட்டில் பாருங்க. மணியாச்சியின் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24, தூத்துக்குடியில் சுமார் 28. அதாவது வெளிக்காற்று உள்ளே நுழைந்தால், நாலு டிகிரி குறைவாகத் தெரிகிற தூத்துக்குடிக் காற்றுதான் அதிக வெப்பத்தைச் சுமந்து வருகிறது. அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே தள்ளுவதிலேயே மிஷினின் பலம் பாதி போய்விடும். ஒரே மாடல் ஏ.சி. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததற்கு இதுதான் காரணம்.

ஏழு பேர், 32,600 டாலர்

1914-ல் முதல் உலக யுத்தம் வந்தது. பஃபலோ ஃபோர்ஜ் நிர்வாகம் இனிமேல் உற்பத்தி மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. ஏர் கண்டிஷனிங் பிரிவு வேண்டாம் என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் உழைத்து வளர்த்த பிரிவு! இந்த இடத்தில் மனசு உடைந்து உட்கார்ந்திருந்தால் கேரியரின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

கேரியரும் லைலும் சேர்த்து ஏழு இன்ஜினியர்கள். கையிருப்புச் சேமிப்பை எல்லாம் போட்டு 32,600 டாலர் திரட்டி 1915 ஜூன் 26-ல் கேரியர் இன்ஜினியரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். பணக்கார முதலாளி யாரும் பின்னால் இல்லை. கணக்கும் தைரியமும்தான் முதலீடு.

தீக்குச்சியும் தியேட்டரும்

அதுவரை குளிர்பதன மிஷின் என்றால் பூதம் மாதிரி பெரிது. உள்ளே ஓடுவது அம்மோனியா. கசிந்தால் ஆள் மூச்சுத் திணறிப் போவான். ஜனம் கூடுகிற இடத்தில் அதை எப்படி வைப்பது? கேரியர் அம்மோனியாவை விட்டுவிட்டு வேறு திரவத்தைத் தேர்ந்தெடுத்தார். பிஸ்டனுக்குப் பதில் சுழல்கிற மையவிலக்குக் கம்ப்ரசரை வைத்தார். 1922-ல் அதை உலகத்துக்குக் காட்டினார். மிஷின் சின்னதாயிற்று, பயமும் குறைந்தது.

நியூயார்க்கில் பாதுகாப்பு அதிகாரி இந்தப் புதுத் திரவத்துக்கு அனுமதி தர மறுத்தபோது, கேரியர் அதைக் கொஞ்சம் பாத்திரத்தில் ஊற்றி, தீக்குச்சி கிழித்து அதிலேயே போட்டாராம். வெடிக்கவில்லை, மெதுவாக எரிந்து அணைந்தது. இப்படி ஒரு கதை சொல்வார்கள். தீப்பெட்டி ஊர்க்காரர்களாகிய நாம் ரசிக்கலாம், ஆனால் தயவுசெய்து செய்து பார்க்காதீங்க. இன்றைய வீட்டு ஏ.சி.களில் இருக்கிற ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே பிடிக்கும்.

1924-ல் டெட்ராய்ட்டில் ஹட்சன் டிபார்ட்மென்ட் ஸ்டோர். 1925 மே மாதக் கடைசியில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். முதல் நாள் சினிமா பார்க்க வந்த ஜனம் வழக்கம்போல் கையில் விசிறி வைத்து விசிறிக்கொண்டிருந்தது. மிஷின் கிளம்பி அறை குளிரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கேரியரும் ஆட்களும் பின்னால் நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு விசிறியாக நின்றது. கடைசியில் விசிறுகிறவர் ஒருவரும் இல்லை. கேரியருக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் எது? அதற்குப் பிறகு கோடைக்காலத்தில் ஜனம் படத்துக்காக மட்டும் இல்லை, குளுகுளுவுக்காகவும் தியேட்டருக்கு வர ஆரம்பித்தது. 1928-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கும், 1929-ல் செனட்டுக்கும் அவர் குளிர்ச்சி போட்டார். 1934-ல் நம்ம நாட்டின் ஃபிரான்டியர் மெயிலில் ஏ.சி. பெட்டி வந்தபோது, ஐஸ் பாளங்களை வைத்துத்தான் காற்றைக் குளிர வைத்தார்கள்.

1928-லேயே வீட்டுக்கான கருவியையும் கேரியர் விட்டார். ஆனால் அடுத்த வருஷமே பொருளாதார மந்தம் வந்து எல்லாரையும் படுக்க வைத்துவிட்டது. 1930-ல் வேறு இரண்டு கம்பெனிகளோடு இணைந்து தாக்குப்பிடித்தார்கள். வீட்டு ஏ.சி. பரவலானது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். அந்த யுத்த காலத்தில் விமான இன்ஜின்களைச் சோதிக்க, வானத்தின் உயரத்தில் உள்ள கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்கும் காற்றுச் சுரங்கத்துக்குக் குளிர்பதனம் அமைத்துக் கொடுத்தார் கேரியர்.

1950 அக்டோபர் 7-ல், 73 வயதில் காலமானார். அவர் பெயரில் 80-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1985-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

கூலிங் இல்லையா? கேரியர் வழியில் போவோம்

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். ஏ.சி. குளிரவில்லை என்றால் ஊரில் வழக்கமாக நடப்பது என்ன? ஆள் வருவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், கேஸ் இல்லை என்பார், நிரப்புவார், காசு வாங்கிப் போவார். ரெண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. வீட்டுக்காரருக்குப் பண நஷ்டம். நம்ம தொழிலுக்குப் பேர் நஷ்டம். கேரியர் அச்சகத்தில் செய்தது போல, அளந்த பிறகு பேசுவதுதான் முறை.

முதலில் காசு செலவில்லாத சோதனை. ரிமோட்டில் கூல் மோடு இருக்கிறதா, ஃபேன் மோடா? பிறகு இன்டோர் யூனிட்டின் ஃபில்டர். நம்ம கரிசல் மண் புழுதி மாவு மாதிரி. ஆடிக் காற்று அடித்தால் பத்தே நாளில் ஃபில்டரில் மெத்தை போட்டுவிடும். சீசனில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவிக் காயவைத்துப் போட்டாலே பாதிப் புகார் தீரும்.

இரண்டாவது, வெப்பமானி. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு? பதினைந்து நிமிஷம் ஓடிய பிறகு, வித்தியாசம் சாதாரணமாக 8 முதல் 12 டிகிரி இருக்கும். இங்கேதான் சைக்ரோமெட்ரி கைகொடுக்கிறது. ஈரமான நாளில் வித்தியாசம் குறைவாகத் தெரியும், ஆனால் டிரெயின் குழாயில் தண்ணீர் ஓடும். மிஷின் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். வறண்ட நாளில் தண்ணீர் சொட்டாது, வித்தியாசம் அதிகம் இருக்கும். இரண்டும் கோளாறு இல்லை. சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றிக் காற்றில் காட்டினால் ஈரக்குமிழ் அளவும் கிடைத்துவிடும். செலவு ஒன்றும் இல்லை.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையா? அப்போது மிஷின் குற்றவாளி இல்லை. பஞ்சாலைப் பாடத்தை ஞாபகப்படுத்துங்க. மொட்டை மாடி கான்கிரீட், மேற்கு வெயில் படுகிற சுவர், மூடாத கதவு இடுக்கு, அறையின் அளவுக்குப் பத்தாத டன். அதற்குக் கேஸ் நிரப்பிப் பிரயோஜனம் இல்லை. கூரைக்கு வெள்ளைப் பூச்சும், ஜன்னலுக்குக் கெட்டித் திரையும் போடச் சொல்ல வேண்டும்.

வித்தியாசம் குறைவு என்றால் மூன்றாவது, அவுட்டோர் யூனிட். கன்டென்சர் காயிலில் புழுதியும் பஞ்சும் அடைத்திருக்கிறதா? சுவரோடு ஒட்டி வைத்து, விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறதா? ஃபேன் சுற்றுகிறதா? பழைய மாடலில் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். சாயங்காலம் மட்டும் குளிரவில்லை என்றால் அந்த நேரத்து வோல்டேஜையும் பார்க்க வேண்டும். தொடுவதற்கு முன் எம்.சி.பி.யை இறக்குங்க, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்க. உயிரைவிட சர்வீஸ் சார்ஜ் பெரிசு இல்லை.

நான்காவது, இன்டோர் காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் உடனே கேஸ் என்று முடிவு கட்டக் கூடாது. காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். நிறுத்தி, உருகவிட்டு, ஃபில்டரும் காயிலும் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்க. அதற்குப் பிறகும் கட்டினால்தான் கேஸ் சந்தேகம்.

கடைசியில்தான் கேஸ். அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ஃப்ளேர் நட்டுகளில் சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்குவம் போட்டு, பெயர்ப் பலகையில் எழுதிய எடையைத் தராசில் நிறுத்து நிரப்புவதுதான் வேலை. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் பிரஷரைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுவது இன்னும் ஆபத்து. கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் முள் உண்மை பேசாது.

இதில் இன்னொரு தர்மமும் இருக்கிறது. ஆர்-22 வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால்தான் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் அதை விலக்குகிறது. ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுகிறவன், அறையைக் குளிர வைக்கிறேன் என்று ஊரையே சூடாக்குகிறான். மானம் பார்த்த பூமி நம்முடையது. மழை ஒரு வாரம் தள்ளிப்போனாலே உளுந்தும் பருத்தியும் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கேரியர் காலத்தில் யாரும் யோசிக்காத இந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரை உள்ள ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுவதும் இந்தக் கணக்கினால்தான்.

தோழர்களே, கேரியர் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. பின்னம் வராத பையன். புல் வெட்டிப் படித்தவர். பிரிவை மூடியபோது சொந்தக் காலில் நின்றவர். அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் ஒரு வெப்பமானி, ஒரு ஈரத்துணி, ஒரு பேப்பர், பென்சில். இந்த நாலும் நம்ம பையிலும் இருக்கிறது. நாளைக்கு ஒரு வீட்டு வாசலில் டூல் பேக்கோடு நிற்கும்போது, கேஸ் இல்லை என்ற சுலபமான பொய்யைச் சொல்வதா, அளந்து உண்மையைச் சொல்வதா என்பது நம்ம கையில். முதலாவது ஆளுக்கு அன்றைக்குக் காசு கிடைக்கும். இரண்டாவது ஆளை ஊரே தேடி வரும். டிப்ளமோகாரன் வந்தான், காரணம் சொல்லிச் சரி செய்தான் என்று கோவில்பட்டியில் இருந்து மணியாச்சி வரை பேச வேண்டும்.

அந்தச் சைக்ரோமெட்ரிக் சார்ட்டை இனிமேல் திட்டாதீங்க. ஒரு தடவை நிதானமாக விரித்துப் பாருங்க. அது நமக்குச் சோறு போடும்!